வைஃபை இணைந்துவிட்டது, இணையம் மட்டும் வரவில்லை: பொது இடங்களில் லேப்டாப் முரண்டு பிடிக்கும்போது எங்கே பார்ப்பது?

சென்ற ஆண்டு என் மாமாவை ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். காப்பீட்டுப் பிரிவில் இருந்த பெண், பழைய ஸ்கேன் அறிக்கைகளை உடனே மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார். அறிக்கைகள் என் லேப்டாப்பில் இருந்தன. காத்திருப்புக் கூடமோ தரைத்தளத்துக்கும் கீழே. கைபேசியில் ஒரு கோடு சிக்னல் வந்தால் பெரிது. சுவரில் விருந்தினர் வைஃபையின் பெயரை ஒட்டியிருந்தார்கள். இணைத்தேன். இணைந்துவிட்டதாகச் சொன்ன விண்டோஸ், அடுத்த வரியிலேயே இணையம் இல்லை என்றது. பக்கத்து நாற்காலியில் ஒரு பையன் அதே வைஃபையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். வரவேற்பில் போய்க் கேட்டால், "எல்லாருக்கும் வருகிறதே சார்" என்று பதில்.

நாற்பது நிமிடம் போனது. லேப்டாப்பை மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டேன். தவறு என் பக்கம்தான் என்பது கடைசியில் தெரிந்தது. அது என்னவென்று உரிய இடத்தில் சொல்கிறேன். எந்தப் படியில் தடுக்கி நிற்கிறோம் என்று முதலில் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை அது. கீழே இருப்பது நான் அன்று செய்யாமல் விட்ட வரிசை.

கேட்டில் ஒரு காவலர்

விருந்தினர் வைஃபையை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். கேட் திறந்தே இருக்கிறது. வண்டியோடு உள்ளே வந்து காவலர் அறைக்குப் பக்கத்தில் நிறுத்தலாம்; அவர் ஒரு டோக்கனும் தருவார். ஆனால் நோட்டில் பெயரும் கைபேசி எண்ணும் எழுதாமல் அதற்கு மேல் ஓர் அடி நகர முடியாது. வைஃபையில் இணைவது கேட்டைத் தாண்டுவது. டோக்கன் என்பது லேப்டாப்புக்குக் கிடைக்கும் ஐபி முகவரி. நோட்டு என்பது லாகின் பக்கம். எழுதி முடித்ததும் காவலர் உங்கள் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு அந்த வண்டியை மட்டும் உள்ளே விடுகிறார். லேப்டாப்பின் வைஃபை சாதனத்துக்கு உள்ள அந்த வண்டி எண்ணுக்கு மேக் முகவரி என்று பெயர். ஆப்பிளின் மேக் கணினிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே கைபேசியில் லாகின் செய்துவிட்டால் லேப்டாப்பும் தானாக உள்ளே போய்விடாது. இரண்டும் இரண்டு வண்டிகள். பலர் தடுக்கி விழும் முதல் இடம் இது.

கேட்டிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறோம் என்பதை லேப்டாப் கண்டுபிடிக்கும் விதம் எளிமையானது. இணைந்த கணமே விண்டோஸ், மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்து ஒரு துண்டுக் கோப்பைக் கேட்கிறது. அதில் "மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்" என்ற மூன்று சொற்கள் மட்டுமே இருக்கும். அவை அப்படியே வந்தால் இணையம் உண்டு. வேறு ஏதாவது வந்தால் நடுவில் யாரோ மறிக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு லாகின் பக்கத்தைத் திறக்கிறது. ஆப்பிள் கணினிகள் "சக்ஸஸ்" என்ற ஒற்றைச் சொல்லை எதிர்பார்க்கின்றன. இந்தச் சோதனை தடுமாறினால் லாகின் பக்கம் தானாக வராது. நம் தொல்லைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

லேப்டாப்பைத் தொடுவதற்கு முன்

வைஃபையின் சரியான பெயரை அங்கே வேலை செய்பவரிடம் கேளுங்கள். ஒரே மாதிரிப் பெயர்கள் இரண்டு மூன்று தெரியும். ஒன்று ஊழியர்களுக்கானதாக இருக்கும், ஒன்று யாரோ வைத்த பொறியாகக்கூட இருக்கலாம். கூப்பன் எண், அறை எண் ஏதாவது வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பிறகு உங்கள் கைபேசியை அதே வைஃபையில் இணைத்துப் பாருங்கள். கைபேசியிலும் லாகின் பக்கம் வரவில்லை என்றால் கோளாறு அந்த இடத்தில். உங்கள் லேப்டாப்பைக் குடைவது வீண். கைபேசியில் வந்து லேப்டாப்பில் வரவில்லை என்றால் மட்டும் தொடர்ந்து படியுங்கள். ஒன்று: சோதித்து முடித்ததும் கைபேசியை வைஃபையிலிருந்து விடுவித்துவிடுங்கள். ஓர் எண்ணுக்கு ஒரே சாதனம் என்று வரம்பு வைத்திருக்கும் இடங்கள் உண்டு.

படி 1: சிக்னல்

இதில் சொல்ல அதிகமில்லை. ஏரோப்ளேன் மோட் தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விசைப்பலகையின் மேல்வரிசையில் விமானப் படம் போட்ட பொத்தான் பல லேப்டாப்களில் உண்டு. கைபேசிக்குத் தெரியும் வைஃபை பெயர் லேப்டாப்பில் தெரியவே இல்லை என்றால், அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் ஒலிபரப்பாகலாம். பழைய லேப்டாப்கள் சில 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே கேட்கும். விடுதி அறையில் சிக்னல் மோசமாக இருந்தால் மேசையை விட்டுக் கதவருகே வாருங்கள். வைஃபை பெட்டி பெரும்பாலும் வெளியே நடைபாதையின் கூரையில்தான் இருக்கும்.

படி 2: லாகின் பக்கத்தை வரவழைப்பது

உலாவியைத் திறந்து கூகுள் முகவரியை அடித்துவிட்டு, பக்கம் வரவில்லை என்று காத்திருப்பதுதான் எல்லாரும் செய்வது. அது வராது, வரவும் கூடாது. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய பாதையில் வருகின்றன. நடுவில் இருக்கும் காவலர் அந்தக் கோரிக்கையைப் பிடித்துத் தன் பக்கத்துக்குத் திருப்ப முயன்றால், தளத்தின் அடையாளச் சான்றிதழ் பொருந்தவில்லை என்று உலாவி சிவப்பு எச்சரிக்கை காட்டும், அல்லது வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பூட்டாத பழைய எச்டிடிபி பாதையில் போகும் கோரிக்கையைத்தான் அவரால் திருப்ப முடியும்.

ஆகவே வேண்டுமென்றே பூட்டாத தளம் ஒன்றைத் திறக்க வேண்டும். அதற்கென்றே ஒரு தளம் இருக்கிறது: நெவர்எஸ்எஸ்எல் டாட் காம். 'நெவர்' என்ற ஆங்கிலச் சொல்லையும் எஸ், எஸ், எல் என்ற மூன்று எழுத்துகளையும் இடைவெளியில்லாமல் சேர்த்து அடியுங்கள். மறந்துபோனால் கேப்டிவ் டாட் ஆப்பிள் டாட் காம் (captive.apple.com); விண்டோஸ் கணினியிலும் இது வேலை செய்யும். முன்னால் எச்டிடிபி (http://) என்று நீங்களே சேர்த்து அடிப்பது நல்லது, இல்லாவிட்டால் உலாவி தானாக எஸ் சேர்த்துவிடும். பாதுகாப்பான இணைப்பு இல்லை என்று குரோம் எச்சரித்தால், இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் தொடரலாம்.

அப்போதும் வராவிட்டால் ரௌட்டரின் கதவை நேராகத் தட்டலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையைக் கொடுத்தால் 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரியில் 192.168.1.1 அல்லது 10.0.0.1 போன்ற ஓர் எண் இருக்கும். அதை முகவரிப் பட்டையில் அடித்துப் பாருங்கள். சில இடங்களில் லாகின் பக்கம் அங்கிருந்தே திறக்கும்.

பக்கம் வருகிறது, ஆனால் பொத்தானை அழுத்தினால் அசையவில்லை என்றால் விளம்பரத் தடுப்பான் மேல் சந்தேகப்படுங்கள். மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் திறந்தால், இதுபோல் உலாவியில் சேர்த்த பெரும்பாலான நீட்சிகள் விலகிக்கொள்ளும்.

மேக் கணினியில் ஒரு தனிக் குணம்: லாகின் பக்கம் சஃபாரியில் வராமல் ஒரு குட்டிச் சாளரத்தில் வரும். அதன் மூலையில் 'டன்' என்று மாறும் வரை மூடாதீர்கள். பாதியில் மூடினால் வைஃபையையே துண்டித்துவிடும்.

படி 3: ஓடிபி

இந்தியாவில் பொது வைஃபை கைபேசி எண்ணைக் கேட்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2008-ல் குண்டுவெடிப்புகளை ஒட்டி வந்த மின்னஞ்சல்கள் சில, பூட்டாமல் விட்டிருந்த பிறருடைய வைஃபை வழியாக அனுப்பப்பட்டவை என்று தெரியவந்தது. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை வைஃபை பயன்பாட்டுக்கு விதிகள் கொண்டுவந்தது. யார் பயன்படுத்துகிறார்கள் என்ற பதிவு கட்டாயமானது. ரயில் நிலையங்களில் ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரெயில்டெல் நடத்தும் ரெயில்வயர் வைஃபை 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கியது. அங்கும் இதே ஓடிபி முறைதான். முதல் அரை மணி நேரம் இலவசம், அதற்கு மேல் வேண்டுமென்றால் கட்டணத் திட்டம். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றால், லேப்டாப்பைத் திட்டுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

அன்று மருத்துவமனையில் எனக்கு ஓடிபி வருவதே பெரும்பாடாக இருந்தது. கூடத்தில் சிக்னல் இல்லாததால் படிக்கட்டின் திருப்பத்துக்கு ஓடி, குறுஞ்செய்தி வந்ததும் கீழே இறங்கி எண்ணை அடித்தால் நேரம் கடந்துவிட்டது என்கிறது. மறுபடி கேட்டேன், மறுபடி ஓடினேன். மூன்றாம் முறைதான் புத்தி வந்தது: லேப்டாப்பையே படிக்கட்டுக்குத் தூக்கிப்போனேன். வைஃபையும் குறுஞ்செய்தியும் சேர்ந்து கிடைக்கும் இடத்தில் நின்று ஓடிபி கேளுங்கள். பலமுறை கேட்டால் கடைசியாக வந்த எண் மட்டும்தான் செல்லும்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். பல லாகின் பக்கங்கள் பத்து இலக்க இந்திய எண்ணை மட்டுமே ஏற்கும். அங்கே மல்லுக்கட்டாமல் தகவல் மேசையில் கேளுங்கள். பாஸ்போர்ட்டைக் காட்டினால் கூப்பன் எண் தரும் ஏற்பாடு சில விமான நிலையங்களில் உண்டு.

படி 4: டோக்கன் கிடைத்ததா?

முன்பு சொன்ன ஐபிகான்ஃபிக் கட்டளையிலேயே 'ஐபிவி4' முகவரியையும் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால் ரௌட்டர் உங்களுக்கு முகவரி தரவில்லை. லேப்டாப் தானாக ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த நிலையில் லாகின் பக்கம் எப்படியும் வராது.

வைஃபை பெயரை 'ஃபர்கெட்' கொடுத்து நீக்கி, அரை நிமிடம் விட்டு மறுபடி இணையுங்கள். மேக்கில் வைஃபை விவரங்களுக்குள் 'டிசிபி ஐபி' பகுதியில் 'ரென்யூ டிஎச்சிபி லீஸ்' என்ற பொத்தான் உண்டு. பிறகும் 169.254 என்றால் ரௌட்டரின் கையிருப்பே தீர்ந்திருக்கலாம். சாதாரணமாக அமைத்த சிறு வலையமைப்பில் அதிகபட்சம் 254 முகவரிகள்தான். ஒருவர் காபி குடித்துவிட்டுப் போன பிறகும் அவருடைய முகவரி பல மணி நேரம் அவர் பெயரிலேயே கிடக்கும்படி அமைத்திருப்பார்கள். கூட்டமான நாளில் பிற்பகலில் வருகிறவருக்கு மிச்சம் இருக்காது. இதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லிப் பார்க்கலாம்.

படி 5: டிஎன்எஸ், அதாவது நான் செய்த தவறு

தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைச் சொல்லும் தொலைபேசிப் புத்தகம்தான் டிஎன்எஸ். வீட்டில் இணையம் மெதுவாக இருக்கிறது என்று, மருத்துவமனைக்குப் போவதற்குச் சில நாள் முன்பு, யாரோ சொன்னதைக் கேட்டு லேப்டாப்பில் 1.1.1.1 என்ற டிஎன்எஸ் முகவரியைக் கையால் போட்டு வைத்திருந்தேன். வீட்டில் அது நன்றாகவே ஓடியது. பொது வைஃபையில்தான் சிக்கல்: லாகின் முடியும் வரை வெளியிலிருக்கும் எந்தத் தொலைபேசிப் புத்தகத்தையும் புரட்ட அந்த வலையமைப்பு அனுமதிக்கவில்லை. அது கொடுக்கும் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும். நானோ வெளியே கேட்டுக் கேட்டுப் பதிலில்லாமல் நின்றேன். நெவர்எஸ்எஸ்எல் கூட எனக்குத் திறக்கவில்லை. பிறகு கேட்வே எண்ணை அடித்து லாகின் பக்கத்தை வரவழைத்துத்தான் ஓடிபி வரை போனேன். ஓடிபி ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு வேறொரு பக்கத்துக்குத் திருப்பும் இடத்தில் மறுபடி நின்றுவிட்டது. பெயர் தேவைப்படும் இடத்திலெல்லாம் நிற்கிறது, எண் கொடுத்தால் திறக்கிறது என்பதைக் கவனித்த பிறகுதான் 1.1.1.1 நினைவுக்கு வந்தது.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', வைஃபை என்று போய் இணைந்திருக்கும் பெயரின் விவரங்களைத் திறந்தால் 'டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்' என்று ஒரு வரி இருக்கும். அது 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்க வேண்டும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். அதே வைஃபை பக்கத்தில் 'ஹார்ட்வேர் ப்ராப்பர்ட்டீஸ்' என்று இன்னோர் இடம் இருக்கிறது. அங்கேயும் அதே வரி உண்டு. அங்கே போட்டது எல்லா வைஃபைக்கும் பொருந்தும். நான் போட்டிருந்தது அங்கே. மாற்றிய சில நொடிகளில் லாகின் முடிந்தது.

குரோமிலும் தனியாக ஒரு தொலைபேசிப் புத்தகம் உண்டு. தனியுரிமை அமைப்புகளில் 'யூஸ் செக்யூர் டிஎன்எஸ்' என்பதன் கீழ் குறிப்பிட்ட நிறுவனம் ஒன்றைத் தேர்ந்திருந்தால் இதே கதைதான். லாகின் முடியும் வரை அதை அணைத்து வையுங்கள்.

படி 6: விபிஎன், ப்ராக்ஸி, அலுவலக லேப்டாப்

விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் ஏற்பாடு. அந்த மென்பொருள் பலவற்றில் 'கில் ஸ்விட்ச்' என்ற வசதி இருக்கும். விபிஎன் இணையாத வரை இணையத்தையே அடைத்துவைப்பது அதன் வேலை. விபிஎன் இணைய இணையம் வேண்டும், இணையம் வர லாகின் வேண்டும், லாகின் பக்கத்தையோ விபிஎன் தடுக்கிறது. விபிஎன்னை முழுமையாக மூடி, லாகின் செய்து, பிறகு மறுபடி இயக்குங்கள். செட்டிங்ஸில் ப்ராக்ஸி, அதாவது கோரிக்கைகளை இடையில் வாங்கி அனுப்பும் சர்வர், ஏதும் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய அலுவலகத்தில் போட்டது ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

அலுவலக லேப்டாப் என்றால் விபிஎன்னை மூடும் உரிமையே உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். அப்போது நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவைக் கேளுங்கள், அல்லது கைபேசியின் ஹாட்ஸ்பாட்டுக்குப் போய்விடுங்கள். விதியை ஏமாற்றும் வழிகளைத் தேடி வேலைக்கு வினை தேடிக்கொள்ள வேண்டாம்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: டாக்கர் தனக்கென்று வழக்கமாக 172.17 என்று தொடங்கும் முகவரிகளை எடுத்துக்கொள்கிறது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் வைஃபையும் அதே முகவரிகளைப் பயன்படுத்தினால், லாகின் பக்கத்துக்குப் போக வேண்டிய கோரிக்கை உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். டாக்கரை நிறுத்தி அதன் வலையமைப்பையும் நீக்கிவிட்டு முயலுங்கள். லினக்ஸில் இதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுவதும் செலவழித்தவர்கள் உண்டு.

படி 7: கடிகாரம்

நெடுநாள் பெட்டியில் கிடந்த லேப்டாப்பில் தேதி பின்னால் போயிருக்கும். தேதி தவறினால் சான்றிதழ் எதுவும் செல்லாது என்று உலாவி முடிவுகட்டி, லாகின் பக்கத்தையும் சேர்த்து மறுக்கும். இணையம் இல்லாததால் நேரம் தானாகத் திருந்தவும் வழியில்லை. கைபேசியைப் பார்த்துக் கையால் திருத்துங்கள்.

தினமும் லாகின் கேட்கிறதா?

தனியுரிமைக்காக இன்றைய கணினிகள் மேக் முகவரியை மாற்றி மாற்றிக் காட்டுகின்றன. நேற்று ஒரு வண்டி எண், இன்று வேறு. காவலருக்கு நீங்கள் புதியவர். விண்டோஸில் அந்த வைஃபையின் விவரங்களில் 'ராண்டம் ஹார்ட்வேர் அட்ரஸஸ்' என்பதை அணைத்தால் போதும். மேக்கில் 2024-ல் வந்த செக்கோயா பதிப்பு முதல் 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' என்பதில் 'ரொட்டேட்டிங்', 'ஃபிக்ஸ்ட்', 'ஆஃப்' என்று மூன்று தேர்வுகள் உள்ளன; 'ஃபிக்ஸ்ட்' நல்ல நடுவழி. வாரக்கணக்கில் தங்கும் விடுதிக்கு இது சரி. ரயில் நிலையத்தில் ஒரு மணி நேரத்துக்கு இதை மாற்றத் தேவையில்லை.

எதுவும் பலிக்காவிட்டால்

விண்டோஸில் 'நெட்வொர்க் ரீசெட்' என்று ஒன்று உண்டு. பல வழிகாட்டிகள் அதை முதலிலேயே செய்யச் சொல்கின்றன. நான் சொல்லமாட்டேன். சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்கள் போய்விடலாம், விபிஎன் மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டியிருக்கலாம். அவசரத்தில் வெளியூரில் செய்யக்கூடிய வேலை அல்ல. கைபேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்தைப் பயன்படுத்திக்கொண்டு, ரீசெட்டை வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள்.

உள்ளே போன பிறகு

விண்டோஸ் கேட்டால் 'பப்ளிக்' என்றே சொல்லுங்கள். அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களிடமிருந்து உங்கள் கணினியை அது மறைத்துவைக்கும். இலவச வைஃபையின் லாகின் பக்கம் யூபிஐ பின் எண்ணையோ மின்னஞ்சல் கடவுச்சொல்லையோ கேட்டால் அது லாகின் பக்கமே அல்ல; உடனே துண்டியுங்கள். லாகின் முடிந்த பிறகும் வங்கித் தளத்தில் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் 'தொடர்க' என்பதை அழுத்தவே அழுத்தாதீர்கள்.

கிளம்பும்போது அந்த வைஃபையை 'ஃபர்கெட்' செய்துவிடுங்கள். கடவுச்சொல் இல்லாத வைஃபையை லேப்டாப் பெயரை வைத்து மட்டுமே அடையாளம் காண்கிறது. 'கெஸ்ட்' என்று நீங்கள் ஒருமுறை இணைத்த பெயரில் வேறு ஊரில் யார் கடை விரித்திருந்தாலும் அது போய் ஒட்டிக்கொள்ளும். நான் மருத்துவமனையிலிருந்து கிளம்பிய அவசரத்தில் இதைச் செய்யவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு பேருந்து நிலையத்தில் மடியில் வைத்து லேப்டாப்பைத் திறந்தேன். அதே பெயரில் ஏதோ ஒன்றோடு அது ஏற்கெனவே இணைந்திருந்தது.